பிடி அரிசியும் நாலு மாத்திரையும்

எங்கள் கிறிஸ்தவ சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து கோயிலில் காணிக்கையாகக் கொட்டுவார்கள். சேர்ந்த அரிசி, அடுப்பெரியாத வீடுகளுக்குப் போகும். பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே கூடையில் கலந்து கிடக்கும். பொங்கினால் ஒரு பாதி குழைந்துவிடும், ஒரு பாதி வேகாது. வாங்கிப் போனவர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அந்த வழக்கத்தை மருந்துக்கும் கொண்டுவந்தவள் நான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

எழுபதுகளின் தொடக்கம். சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று ஊரில் பாதிப் பேருடைய உள் விவகாரம் என் மேஜைக்கு வந்து போகும். வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்ததால், டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று சபைப் பெண்கள் நினைத்தார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வயதில் மரியாதை கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஒரு வெயில் காலத்தில் கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து ஒரு கூலிக்காரர் டைபாய்டோடு வந்தார். இரண்டு நாளுக்கான மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். மிச்சத்தை வாங்க வழியில்லாமல், திரும்பி வரவும் கூச்சப்பட்டு, அவர் வீட்டிலேயே செத்துப்போனார். அவருடைய மனைவி பிறகு வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஞாயிறு மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அரிசி குடுக்கறோம். மருந்து யார் குடுக்கறது? காய்ச்சல் விட்டுப்போனா மிச்ச மாத்திரைய அலமாரில போட்டு வெச்சிக்கினு கீறீங்க. அத்தக் கொண்டாங்க. நான் பாத்து, வேணுங்கறவங்களுக்குக் குடுக்கறேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரிய பிஸ்கட் டப்பா கிடைத்தது. கோயிலின் பக்கத்து அறையில் அரிசிக் கூடைக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வைத்தோம்.

அன்றைக்கு டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் என்று ஒரு மருந்து. தெய்வ மருந்து என்றே சொல்லலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் படியிறங்கிவிடும். ஆனால் டாக்டர் பதினாலு நாளுக்கு எழுதுவார். காய்ச்சல் விட்ட பிறகும் ஒன்பது பத்து நாள் எதற்கு முழுங்க வேண்டும் என்று ஜனங்களுக்குப் புரியாது. முன்பெல்லாம் சோம்பலில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். டப்பா வந்த பிறகு அது தர்மக் காரியம் ஆகிவிட்டது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மருந்துக்கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, பிடி அரிசி எடுப்பதுபோல நாலு மாத்திரையை எடுத்துத் தனியே வைத்துவிட்டுத்தான் ஒன்றை வாயில் போட்டார்கள். நான் அவர்களைக் கூட்டத்தில் நிற்க வைத்துப் பாராட்டியிருக்கிறேன்.

கொடுப்பதும் அப்படித்தான். பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் நாலு நாலு மாத்திரை. ஒருவருக்கே ஐம்பது மாத்திரையைத் தூக்கிக் கொடுத்தால் மற்ற ஒன்பது பேருக்கு என்ன பதில் சொல்வது? காகிதத்தில் மடித்துக் கொடுத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். டைபாய்டா, வெறும் சளிக் காய்ச்சலா என்று அந்த அறையில் யார் பார்த்தார்கள்? காய்ச்சல் என்றால் நாலு. வயிற்றுப்போக்கு என்றால் நாலு. இப்படி ஐந்தாறு வருஷம்.

என் தங்கை என்னை டப்பாக்காரி என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். கங்காதர நெல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நைனா செத்த பிறகு நானும் அம்மாவும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. அவளுக்கு வாய் அதிகம், பயம் கிடையாது, தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறும்போது டப்பாவிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். பிள்ளைகளுக்கு, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, அங்கே அவள்தான் டாக்டர். "டப்பாக்காரி, ஒன் சரக்கு நல்லா போவுது" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் மழை பிந்தியது. தங்கையின் பள்ளிக்கூடம் இருந்த ஊரில் ஒரே ஒரு கிணற்றில்தான் தண்ணீர் இருந்தது, அதுவும் கலங்கல். தங்கை அங்கேதான் தண்ணீர் குடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் தலைவலி என்று படுத்தாள். தன் பொட்டலத்திலிருந்தே நாலு மாத்திரை போட்டுக்கொண்டாள். கேட்கவில்லை. இன்னும் நாலு போட்டாள். அதற்கும் கேட்கவில்லை. "வெயில்ல அலைஞ்ச சூடுக்கா, எறங்கிடும்" என்று அவள் சொன்னாள், நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் அப்படிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விடால் பரிசோதனையை நானே செய்தேன். டைபாய்டு என்று குழாயில் திட்டமாகத் தெரிந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பெயர் தெரிந்த நோய், மருந்து தெரிந்த நோய். டாக்டரம்மா முழு அளவில் குளோராம்பெனிகால் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அவர் கட்டிலின் கால்பக்கம் நின்று காய்ச்சல் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "ரத்தத்த கல்ச்சருக்குத் திருப்பதி அனுப்பலாமா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் லேபில் கிருமியை வளர்க்க வசதி கிடையாது.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் டாக்டர்" என்றேன். "எறங்கிடும்."

நான் சொல்லிவிட்டேன், அவர் கேட்டுக்கொண்டார். எத்தனையோ டைபாய்டு பார்த்தவள் நான், இந்த மருந்து கேட்காமல் போனதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாலாம் நாள் நூற்று நாலு. ஐந்தாம் நாளும் அதே. அட்டையில் கோடு கூரைபோல மேலேயே போய்க்கொண்டிருந்தது. தங்கை நாக்கு காய்ந்து, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் காலையில் அவளிடமிருந்து ரத்தத்தை எடுத்து, திருப்பதி லேபிலிருந்து வாங்கி வைத்திருந்த, பித்தநீர் கலந்த திரவம் இருக்கும் சின்ன பாட்டிலில் விட்டு மூடினேன். மலமும் ஒரு புட்டியில். பாட்டில் குளிரக்கூடாது, உடம்புச் சூட்டில் இருந்தால் கிருமி பிழைக்கும். துணியில் சுற்றி, புடவைக்குள் இடுப்போடு வைத்துக் கட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டும்வரை இடுப்பில் கையை வைத்தபடியே இருந்தேன். பக்கத்தில் மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று. அந்த அம்மாள் எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நினைத்து ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள்.

திருப்பதி லேபில் பெரிய பொறுப்பில் ஒரு தெலுங்கு அம்மாள் இருந்தார். எல்லோரும் மேடம் என்பார்கள். சீட்டில் இருந்த பெயரையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "மீ செல்லெலா?" என்று கேட்டார். தங்கைதான் என்றேன். வளர இரண்டு நாள், மருந்து சோதிக்க ஒரு நாள், மூன்றாம் நாள் வா என்றார். திரும்பி வந்தேன். அந்த மூன்று நாளும் அதே மாத்திரைதான் போய்க்கொண்டிருந்தது. வேறு எதைக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மேடம் ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள் ஐந்து. மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் இருக்கும். நாலு பொட்டுகளைச் சுற்றி வட்டமே இல்லை, விளிம்பு வரை கிருமி மொய்த்திருந்தது. குளோராம்பெனிகால் அந்த நாலில் ஒன்று. ஐந்தாவது ஆம்பிசிலின். அதைச் சுற்றி மட்டும் வட்டம் இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. இன்னொரு தட்டையும் எடுத்தார். அது தங்கையின் மலத்திலிருந்து வளர்த்தது. எல்லோர் குடலிலும் இருக்கிற, யாருக்கும் கெடுதல் செய்யாத சாதாரணக் கிருமி. அதற்கும் அதே நாலு மருந்து கேட்கவில்லை, அதே ஐந்தாவது கேட்டது.

"ரெண்டும் வேற வேற ஜாதி. ஆனா ஒரே பாடம் படிச்சிருக்கு" என்றார் மேடம், தெலுங்கு வாசம் வீசுகிற தமிழில். "உங்க ஊர்ல ஜனங்க இந்த மருந்தக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறாங்களா?"

எனக்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆம்பிசிலின் ஊசி மருந்தைத் திருப்பதியிலேயே வாங்கிக்கொண்டு ஓடினேன்.

வார்டுக்குள் நுழையும்போதே அம்மா வாசலில் நின்றிருந்தாள். "வவுறு கல்லு மாதிரி ஆயிடுச்சிமா" என்றாள். டைபாய்டு மூன்றாவது வாரத்தில் குடலை ஓட்டை போடும் என்று நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். டாக்டரம்மா என் கையிலிருந்து மருந்தை வாங்கி உடனே ஊசி போட்டார். ஆபரேஷன் தாங்குகிற உடம்பாக அது இல்லை. மறுநாள் உச்சிவேளையில், பக்கத்துக் கட்டில்காரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், என் தங்கை போய்விட்டாள். அம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, அந்த லேபிலிருந்து வாங்கியதில் மிஞ்சிய பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கத் திருப்பதி போனேன். பாட்டிலை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். மேடத்தின் கேள்வி என்னை இழுத்தது. அவரிடம் டப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அவர் செய்தது இதுதான். எல்லா மருந்துக்கும் அடங்குகிற பழைய டைபாய்டுக் கிருமி ஒன்று அவரிடம் இருந்தது. அதையும், என் தங்கையின் குடலில் இருந்த அந்தச் சாதாரணக் கிருமியையும் ஒரே குழாயில் ஒரு நாள் சேர்த்து விட்டிருக்கிறார். மறுநாள் அந்தக் கலவையை, குளோராம்பெனிகால் கலந்த தட்டில் தடவியிருக்கிறார். குடல் கிருமி அந்தத் தட்டில் இளஞ்சிவப்பாக வளரும். டைபாய்டு வளர்ந்தால் நிறமில்லாமல் வளரும், ஆனால் மருந்து இருப்பதால் வளரவே கூடாது. தட்டெல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளிகள். நடுவில் ஏழெட்டு இடத்தில் நிறமில்லாத புள்ளிகள் இருந்தன.

மேடம் பொறுமையாகச் சொன்னார். கிருமிக்குள் அதன் முக்கியமான டி.என்.ஏ. தவிர, சில நேரம் சின்ன வளையம் ஒன்று தனியாகக் கிடக்கும். இன்ன மருந்து வந்தால் இப்படித் தப்பிக்க வேண்டும் என்கிற வித்தை அந்த வளையத்தில் எழுதியிருக்கும். இரண்டு கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்போது, ஒன்று அந்த வளையத்தைப் பிரதி எடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும். ஜாதி பார்க்காது. வாங்கிக்கொண்டது அதை இன்னொன்றுக்குக் கொடுக்கும். நாம் அரைகுறையாக மருந்து சாப்பிடும் ஒவ்வொரு தடவையும், குடலில் அந்த வித்தை தெரியாதவை செத்து, தெரிந்தவை பெருகுகின்றன. பிறகு கலங்கல் தண்ணீரோடு டைபாய்டு உள்ளே வருகிறபோது, கொடுக்க அங்கே ஆள் தயாராக இருக்கிறது.

அவையும் பிடி அரிசி வைக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. அவற்றுக்குக் கொடுத்தால் குறைவதில்லை, அதுதான் வித்தியாசம்.

"அப்போ என் டப்பாதானா?" என்று கேட்டேன்.

"அது சொல்ல முடியாதும்மா. அந்தத் தண்ணியிலயே இப்படி மாறின கிருமி வந்திருக்கலாம். உன் தங்கைக்குள்ள நடந்ததா, வேற யார் வயித்துல நடந்ததா, யாராலயும் சொல்ல முடியாது."

அந்த 'சொல்ல முடியாது' என்ற வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். நேர்மையான ஒரு பெண் சொன்ன உண்மையான வார்த்தை. அதை நான் பொய்க்குப் பயன்படுத்தினேன்.

அடுத்த ஞாயிறு அம்மா கோயிலுக்கு வந்தாள். துணிப்பையில் பிடி அரிசி. கைக்குட்டையில் முடிந்து இன்னொன்று. அரிசியைக் கூடையில் கொட்டிவிட்டுக் கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். தங்கையின் கட்டிலோரம் மீந்துபோன மாத்திரைகள்.

"ஆறு கீது. அவளுக்குத்தான் ஆவல. வேற யாருக்குனா ஆவட்டும்" என்றாள்.

சுற்றிலும் பெண்கள். அரிசியும் மாத்திரையுமாக நின்றிருந்தார்கள். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நாம் கொடுத்ததுதான் உன் பிள்ளையைக் கொன்றிருக்கும் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? அதுவும் 'இருக்கும்' என்று? மாத்திரையெல்லாம் பழசாகிவிட்டது, இனி டப்பா வேண்டாம், சட்டச் சிக்கல் வரும் என்று ஏதோ சொன்னேன். டப்பாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் குப்பை எரிக்கும் குழியில் போட்டு எரித்தேன். தங்கச்சி போன துக்கத்தில் அக்காவுக்கு மனசு விட்டுப்போச்சு என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பத்து வருஷம்போல. நான் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன், அம்மா பழைய வீட்டிலேயே இருந்தாள். லேபில் முழு அளவு மருந்து சாப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் கத்துவேன், சண்டைக்காரி என்று பேர் வாங்கினேன். ஏன் என்று மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. எண்பதுகளின் நடுவில் அம்மா மாரடைப்பில் போனாள். காரியமெல்லாம் முடிந்த வாரம், அவளுடைய சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். அவள் புருஷன் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.

"அக்கா, எங்க வூட்டுக்காருக்கு மூணு நாளா காய்ச்சல். அம்மா அந்த பாட்ல்ல வெச்சிருப்பாங்களே, அதுல நாலு குடுங்க."

எந்த பாட்டில் என்று கேட்டேன். அவளே போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பைபிளுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். முக்கால் பாட்டில் மாத்திரைகள், பல நிறம், பல வருஷத்துடையவை. தனக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும் நாலு எடுத்து வைத்திருக்கிறாள். கோயிலில் டப்பா போனதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் எனக்குத் தங்கை ஞாபகம் வரும் என்று மறைத்திருக்கிறாள். இதைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள்.

அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். டப்பாவில் ஆரம்பித்துத் தட்டு வரைக்கும், திருப்பதியில் மேடம் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முதல் தடவையாக வெளியே சொன்னது அன்றைக்குத்தான். அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் பாட்டிலை என் பக்கத்தில் வைத்தாள். "தெரிஞ்சிருந்தா எங்களுக்குக் குடுத்திருக்க மாட்டாங்கக்கா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "போன வருசம் எங்க பெரியவளுக்கும் இதுலதான் குடுத்தாங்க."

பெரியவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது சின்னவள் ஒருத்திதான் இருந்தாள்.

உடனே எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன். அந்த ஆள் பாயில் கிடந்தார், நாக்கு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தை நானே எடுத்தேன். எங்கள் டாக்டரம்மா ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர், இரண்டு நாள் பார்க்கலாமே என்றார்.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, ரத்தம் விட்ட பாட்டிலைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.